சவ்வின் ஊற்றைத் தேடி: அல்பேர் குளோட்டின் வாழ்க்கை

பெல்ஜியம் நாட்டின் தென்கிழக்கில், ஆர்டென் காட்டு மேட்டுப் பகுதியில் லோங்லியே என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர் இரயில் நிலையத்திற்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. ரொட்டியோடு மளிகைச் சாமான்களும் விற்கும் கடை. அந்தக் கடைக்காரரின் நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அல்பேர் குளோட். பிறந்த ஆண்டைச் சில நூல்கள் 1898 என்றும் சில நூல்கள் 1899 என்றும் குறிக்கின்றன. பிறந்த ஆண்டே உறுதியாகத் தெரியாத அந்தக் கிராமத்துச் சிறுவன்தான் பிற்காலத்தில் உயிரணுவின் உள்ளே இருப்பனவற்றை எடைபோட்டுக் கணக்கெழுதியவர்.

அவரைப் பற்றி இங்கு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உணவு கிடைக்காதபோது உயிரணு தன்னுடைய பகுதிகளையே சிறிது சிறிதாக உண்டு உயிர் பிழைக்கிறது. இதற்கு ஆட்டோபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று பெயர். அப்போது உயிரணுவுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று பாய் விரித்தாற்போல் தோன்றி, ஓரங்கள் வளைந்து கிண்ணமாகி, பழுதான உறுப்புகளையும் தேவையற்ற புரதங்களையும் உள்ளே அடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறது. இரட்டைத் தோல் கொண்ட இந்தப் பையை ஆட்டோபேகோசோம் என்கிறார்கள். சில நிமிடங்களுக்கு முன்பு இல்லாத பை அது. அப்படியானால் அதன் சவ்வு எங்கிருந்து வந்தது? அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலாளர்களை அலைக்கழித்த கேள்வி இது. இதற்கு விடை தேடிய ஒவ்வொருவரும் குளோட் கண்ட வலைக்கே திரும்ப வேண்டியிருந்தது.

குளோட்டின் இளமை துன்பம் நிறைந்தது. அவருக்கு மூன்று வயதிருக்கும்போது தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. நான்கைந்து ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்த தாய், மகனுக்கு ஏழு வயதானபோது மறைந்தார். அவர் படித்த தொடக்கப்பள்ளியில் இருந்தது ஒரே அறை. எல்லா வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர். காலை ஆறு மணிக்குத் தேவாலய மணியை அடிக்கும் வேலையும் அச்சிறுவனுடையது. பின்னர்ப் பிழைப்புத் தேடி, எஃகு ஆலைகள் நிறைந்த ஆத்துஸ் என்ற ஊருக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. அங்கும் படிப்பு நிலைக்கவில்லை. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு முடங்கிப்போன மாமனைக் கவனித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் பையனை மீண்டும் லோங்லியேவுக்கு அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. ஒத்த வயதுப் பிள்ளைகள் இலத்தீன் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தபோது அவர் நோயாளியைப் பராமரித்துக்கொண்டிருந்தார்.

முதல் உலகப் போர் மூண்டது. எஃகு ஆலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்த குளோட், அங்கேயே வரைபடம் வரைபவராக உயர்ந்தார். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த நாட்டில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தொண்டராகப் பணியாற்றினார். போர் முடிந்தபோது பதக்கம் கிடைத்தது. போர் வீரர் என்ற தகுதியும் கிடைத்தது. மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆனால் இடைநிலைப்பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரை மருத்துவப் பிரிவுக்குள் யார் விடுவார்? போரில் பணியாற்றியவர்கள் சான்றிதழ் இன்றியே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று பெல்ஜிய அரசு சட்டம் கொண்டுவந்ததால்தான் 1922இல் லியேஜ் பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. 1928இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தகுதிச் சான்றிதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு நேர்முகத்திற்குக் காத்திருக்கும் நம் தலைமுறைக்கு இது புனைகதை போலத் தோன்றலாம். அந்தச் சட்டம் மட்டும் வந்திராவிட்டால், எலிகளுக்குப் புற்றுத்திசுவை மாற்றிப் பதியம் வைத்த அவருடைய பட்ட ஆய்வு நடந்திருக்காது. அதற்குப் பின் வந்தவையும் நடந்திருக்கா.

பட்டம் பெற்றதும் அரசின் உதவித்தொகையில் பெர்லினுக்குப் போனார். அங்கே புற்றுநோய் ஆய்வு நிலையத்தில், பாக்டீரியாதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிலைய இயக்குநரே நம்பியிருந்தார். அந்தப் பாக்டீரிய வளர்ப்புகளில் புற்றணுக்கள் கலந்திருந்ததுதான் காரணம் என்று குளோட் காட்டினார். வந்து சில மாதமே ஆன இளைஞர் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் இடம் மாற வேண்டியதாயிற்று. அங்கிருந்தபடியே நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநர் சைமன் பிளெக்ஸ்னருக்குக் கடிதம் எழுதினார். கோழிகளுக்குப் புற்றை உண்டாக்கும் கிருமியைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டுகிறேன் என்பது அக்கடிதத்தில் இருந்த திட்டம். அனுமதி வந்தது. 1929இல் கப்பலேறினார்.

அந்தக் கோழிப் புற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அதே ராக்பெல்லர் கழகத்தில் பெய்ட்டன் ரௌஸ் என்பவர் 1911இல் ஒரு செய்தியை வெளியிட்டிருந்தார். கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறொரு கோழிக்கு ஊசி வழிச் செலுத்தினாலும் புற்று உண்டாகிறது என்றார். வடிகட்டிய நீரில் இருந்த அந்தப் பொருள் எது? இதைப் பிடிக்கவே குளோட் பல ஆண்டுகள் உழைத்தார். வேதியியல் முறைகள் ஓரளவே கைகொடுத்தன. பிறகு அதிவேக மையவிலக்கிக்கு மாறினார். கட்டியை அரைத்த சாற்றைக் குழாயிலிட்டு மிக வேகமாகச் சுழற்றினால் கனமானவை முதலில் அடியில் படியும். வேகத்தைக் கூட்டக்கூட நுண்ணியவையும் படியும். இப்படிப் படிந்த நுண்துகள்களில் புற்றை உண்டாக்கும் ஆற்றல் பன்மடங்கு செறிந்திருந்தது. அவற்றில் ரைபோ நியூக்ளிக் அமிலமும் இருந்தது.

வேறொருவராக இருந்தால் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்துவிட்டுப் போயிருப்பார். குளோட் ஒன்று செய்தார். புற்றே இல்லாத, நலமான கோழிக் கருவை எடுத்து, அதே போல் அரைத்து, அதே வேகத்தில் சுழற்றினார். அதே போன்ற துகள்கள் அதிலும் வந்து படிந்தன! பல ஆண்டு உழைப்பில் செறிவாக்கிய பொருளின் பெரும்பகுதி கிருமியே அன்று. எல்லா உயிரணுக்களிலும் இயல்பாக இருக்கும் ஏதோ ஒன்று என்று தெரிந்தது. புற்றுநோய் ஆய்வாளர் என்ற முறையில் அது அவருக்குப் பின்னடைவுதான். தாயைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆனாலும் அவர் திசை மாறினார். கிருமியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நலமான உயிரணுவுக்குள் இருக்கும் இத்துகள்கள் யாவை என்று தேடத் தொடங்கினார். என் கருத்தில், அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய முடிவு இதுதான்.

முதலில் அவை மைட்டோகாண்டிரியாவின் உடைந்த துண்டுகள் என்று எண்ணினார். மேலும் ஆராய்ந்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, 1943இல் அவற்றுக்கு மைக்ரோசோம் எனப் புதுப்பெயர் வைத்தார். அக்காலத்து உயிரியலாளர் பலருக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. அழகான உயிரணுவை அரைத்துத் துவையலாக்கிவிட்டு அதில் என்ன தேடுகிறார் என்று ஏளனம் செய்தார்கள். அதற்கு அவருடைய மறுமொழி, கணக்கு. 1946இல் வெளியிட்ட இரு கட்டுரைகளில், கல்லீரலை அரைத்துப் பிரித்த ஒவ்வொரு பகுதியையும் எடைபோட்டு, நொதிகளை அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால் அரைப்பதற்கு முன் இருந்த மொத்தத்திற்கு ஈடாகிறதா என்று சரிபார்த்துக் காட்டினார். மளிகைக்கடையில் இரவு கல்லாவை எண்ணி இருப்போடு ஒப்பிடுவது போன்ற வேலைதான் இது. உயிரணு ஆய்வில் இத்தகைய வரவு செலவுக் கணக்கை வழக்கமாக்கியவர் அவர். மூச்சு நொதிகள் மைட்டோகாண்டிரியாவில் இருப்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் நிறுவியது இவ்வழியில்தான்.

எண்ணியாயிற்று, இனிப் பார்க்க வேண்டும். சாதாரண நுண்ணோக்கி ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. மைக்ரோசோம்களோ அதனினும் சிறியவை. எலக்ட்ரான் நுண்ணோக்கி அப்போது அரிதான கருவி. ராக்பெல்லர் கழகத்திடம் இல்லை. அச்சு மையும் சாயமும் தயாரித்த இண்டர்கெமிக்கல் என்ற நியூயார்க் நிறுவனத்திடம் இருந்தது. அங்கே பணிபுரிந்த எர்னஸ்ட் ஃபுல்லம் உதவ முன்வந்தார். ஆனால் எலக்ட்ரான் கற்றை தடித்த பொருளை ஊடுருவாது. குளோட்டின் சக ஆய்வாளர் கீத் போர்ட்டர் ஒரு வழி கண்டார். கோழிக்கருவின் உயிரணுக்களை மெல்லிய படலத்தின்மேல் வளர்த்தால் அவை ஓரங்களில் தாமாகவே தட்டையாகப் பரவும். அந்த ஓரம் போதும். படலத்தோடு உரித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். 1945 மார்ச்சில் போர்ட்டர், குளோட், ஃபுல்லம் மூவர் பெயரிலும் அந்தப் படம் வெளிவந்தது. அதுவரை வெறும் கூழ் என்று கருதப்பட்ட இடத்தில் சரிகைப் பின்னல் போன்ற ஒரு வலை தெரிந்தது.

அந்த வலைக்கு எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று போர்ட்டர் பெயரிட்டது 1950களில்தான். தமிழில் அகப்பிளாச வலை எனலாம். படிவம் நான்கு உயிரியல் நூலில் நாமெல்லாம் வண்ணம் தீட்டிப் பெயர் குறித்த அதே வலை! குளோட் 1946இல் நியூயார்க்கில் ஆற்றிய ஓர் உரையைக் கேட்டு அவரோடு சேர்ந்தவர் ருமேனியாவிலிருந்து வந்த மருத்துவர் ஜார்ஜ் பலாடே. குளோட் அரைத்துப் பிரித்த மைக்ரோசோம் துகள்கள் பெரும்பாலும் இந்த வலையே அறுபட்டுச் சுருண்ட துண்டுகள் என்பதை 1950களின் நடுவில் பலாடேயின் குழு தெளிவாக்கியது. சுழற்றியும் உற்றுநோக்கியும் தேடிய இரு வழிகளும் ஒரே பொருளில் வந்து சேர்ந்தன.

அப்போது குளோட் நியூயார்க்கில் இல்லை. 1949இல் பிரசல்ஸ் நகரின் ஜூல் போர்தே புற்றுநோய் நிலையத்திற்கு இயக்குநராகத் தாயகம் திரும்பிவிட்டார். 1971வரை அப்பொறுப்பில் இருந்தார். நிலையத்தை நடத்தும் வேலை அவருடைய நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றது. பின்னாளில் வந்த புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளில் அவர் பெயர் குறைவாகவே காணப்படுவதற்கு அதுவும் காரணம். ஓவியர்கள் தியேகோ ரிவேரா, போல் டெல்வோ, இசையமைப்பாளர் எட்கார் வாரேஸ் ஆகியோரின் நண்பர், கூட்டத்தில் ஒட்டாதவர், சற்று விசித்திரமானவர் என்றும் சொல்வார்கள்.

அவருடைய முறையை அதே நாட்டில் இன்னொருவர் கையில் எடுத்தார். லூவன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தியான் டி டூவ், இன்சுலினை ஆராய்வதற்காகக் கல்லீரலைக் குளோட்டின் வழியில் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நொதியின் செயல்திறன் முதல் நாள் மிகக் குறைவாக இருந்தது. ஐந்து நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்த பின் அளந்தால் பல மடங்கு கூடியிருந்தது. ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்த நொதி, பை கிழிந்ததும் வெளிவந்திருக்க வேண்டும். 1955இல் லைசோசோம் என்ற பெயர் பிறந்தது இப்படித்தான். அதுவே உயிரணுவின் செரிமான அறை. 1962இல் போர்ட்டரும் தாமஸ் ஆஷ்ஃபோர்டும் குளுக்ககான் செலுத்திய எலிக் கல்லீரலில், சவ்வுப் பைகளுக்குள் பாதி சிதைந்த மைட்டோகாண்டிரியா கிடப்பதைப் படம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு இலண்டனில் நடந்த லைசோசோம் கருத்தரங்கில் டி டூவ் இந்நிகழ்வுக்கு ஆட்டோபேஜி என்று பெயர் சூட்டினார்.

பெயர் வைத்த கையோடு கேள்வியும் எழுந்துவிட்டது. உயிரணுவில் சவ்வு வெறுமையிலிருந்து முளைப்பதில்லை. இருக்கும் சவ்விலிருந்தே வளர்கிறது. எனில் ஆட்டோபேகோசோமின் சவ்வுக்குத் தாய் யார்? அகப்பிளாச வலையின் வழவழப்பான பகுதிதான் என்று 1960களில் பலர் கருதினர். டி டூவும் அப்பக்கமே சாய்ந்தார். வலையின் ஒரு மடிப்பு கழன்று வளைந்து பையாகிவிடுகிறது என்பது அந்தக் கருத்தின் சாரம்.

இவ்வகைக் கேள்வி குளோட்டுக்கும் அந்நியமன்று. இயக்குநர் பொறுப்பின் கடைசிக் காலத்தில் அவர் மீண்டும் நுண்ணோக்கியில் அமர்ந்திருந்தார். கல்லீரல் உயிரணுவில் கொழுப்புப்புரத மணிகள் உருவாகும்போது சவ்வுகள் எப்படி வளர்கின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். கோல்கி உறுப்பின் சவ்வுகள் அகப்பிளாச வலையின் வழவழப்பான பகுதியிலிருந்து உருவெடுப்பதை 1970இல் விரிவான படங்களோடு வெளியிட்டார். ஆட்டோபேகோசோமைப் பற்றியதன்று அக்கட்டுரை. ஆயினும் ஓர் உறுப்பின் சவ்வு வேறோர் உறுப்பிலிருந்து வரலாம், வரும் வழியிலேயே தன்மை மாறலாம் என்ற சிந்தனை அதில் தெளிவாக இருந்தது.

1974ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு குளோட், டி டூவ், பலாடே மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. 1945ஆம் ஆண்டுப் படத்தின் முதல் ஆசிரியரான போர்ட்டர் விடுபட்டுப்போனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹார்விட்ஸ் பரிசை குளோட், பலாடே, போர்ட்டர் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த விடுபடல் இன்னும் உறுத்துகிறது. இத்துறையைச் சேர்ந்த பலர் அதற்காக வருந்தினர். பரிசுக்குப் பின்னும் குளோட் ஓய்ந்துவிடவில்லை; புதிய லூவன் நகரில் சிறிய ஆய்வகம் ஒன்றில், பெரும்பாலும் தனிமையில், வேலை செய்துகொண்டிருந்தார். 1983 மே 22 அன்று பிரசல்ஸில் காலமானார்.

அவர் மறைந்தபோது சவ்வின் கேள்வி தீரவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் உயிரணுக்களைப் பட்டினி போட்டு, தன்னுண்ணலுக்குத் தேவையான மரபணுக்களைக் கண்டறிந்தார். 2016இல் நோபல் பரிசு பெற்றார். மரபணுக்கள் கிடைத்தபின்னும் ஊற்றைப் பற்றிய சண்டை ஓயவில்லை. கூடியது என்றே சொல்ல வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு குழு மைட்டோகாண்டிரியாவிலிருந்து சவ்வு வருகிறது என்றது; இன்னொன்று உயிரணுவின் வெளிச்சவ்வு என்றது; கோல்கி என்றது வேறொன்று. ஒவ்வொரு குழுவிடமும் சான்று இருந்தது. இதற்கிடையில் 2008இல் இங்கிலாந்தின் பாப்ரகாம் நிலையத்தினர், பட்டினியின்போது அகப்பிளாச வலையை ஒட்டிக் கிரேக்க ஒமேகா எழுத்தைப் போன்ற ஒரு வளையம் தோன்றுவதையும், அதற்குள்ளிருந்து ஆட்டோபேகோசோம் வளர்ந்து வருவதையும் கண்டார்கள். ஒமேகாசோம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே முப்பரிமாண எலக்ட்ரான் படங்களில், வளரும் சவ்வு வலையின் இரு மடிப்புகளுக்கு இடையே தொட்டிலில் கிடப்பதுபோல் தெரிந்தது.

இங்கே ஒரு முரண்பாடு உறுத்தியது. வலையின் துண்டுதான் பையானது என்றால், வலையில் பதிந்திருக்கும் புரதங்கள் பையின் சவ்விலும் இருக்க வேண்டும். ஆனால் ஆட்டோபேகோசோமின் சவ்வில் பதிந்த புரதங்கள் மிகக் குறைவு. அது ஏறக்குறைய வெறும் கொழுப்பாலானது. குளோட்டைப் போல வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது!

விடை 2019இல் வந்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே இயங்கிய குழுக்கள், ஏடிஜி2 என்ற புரதத்தின் வேலையைக் கண்டுபிடித்தன. ஏறத்தாழ 20 நானோமீட்டர் நீளமுள்ள கோல் போன்றது அது. ஒரு முனை அகப்பிளாச வலையைத் தொடும். மறுமுனை வளரும் சவ்வைத் தொடும். கோலின் நெடுகிலும் கொழுப்புக்கு உகந்த பள்ளம் ஒன்று ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் வழியே கொழுப்பு மூலக்கூறுகள் வலையிலிருந்து பைக்குச் செல்கின்றன. புரதங்கள் நகராமல் வலையிலேயே தங்கிவிடுகின்றன. வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் பாயும், ஏரியின் மீன் ஏரியிலேயே நிற்கும் என்பதைப் போன்றது. வலை கழன்று பையாகவில்லை; கொழுப்பை மட்டும் கொடுத்துப் பையை வளர்க்கிறது.

அதனால் மற்றவர்கள் சொன்னது பொய்யாகிவிடவில்லை. முதல் விதை கோல்கியிலிருந்து வருகிறது. ஏடிஜி9 என்ற புரதத்தைச் சுமந்த 30 முதல் 60 நானோமீட்டர் அளவுள்ள நுண்குமிழ்கள் சில வந்து கூடி, தொடக்கச் சவ்வாகின்றன. ஈஸ்டில் ஒரு பைக்கு மூன்று குமிழ்கள் அளவே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏடிஜி2 கொண்டுவரும் கொழுப்பு சவ்வின் ஓர் அடுக்கில்தான் சேரும்; அதை மறு அடுக்குக்கும் புரட்டி இரு பக்கமும் சமமாக வளரச் செய்வது ஏடிஜி9 என்று 2020இல் தெரிந்தது. கொழுப்பு அமிலத்தைத் தயார்படுத்தும் நொதி ஒன்று வளரும் சவ்வின் அருகிலேயே அமர்ந்திருப்பதும் அதே ஆண்டு ஈஸ்டில் வெளிப்பட்டது. பட்டினி கிடக்கும் உயிரணு பழைய கொழுப்பை மாற்றிக் கொடுப்பதோடு, அந்த இடத்திலேயே புதிதாகவும் செய்துகொள்கிறது.

மைட்டோகாண்டிரியாவும் வெளிச்சவ்வும் எந்த வகை உயிரணுவில், எத்தகைய நெருக்கடியில், எவ்வளவு பங்கு தருகின்றன என்பதை ஆய்வகங்கள் இன்னும் அளந்துகொண்டிருக்கின்றன. அந்த அளவைக்கு அவர்கள் எடுக்கும் கருவிகளில் மையவிலக்கியும் ஒன்று. உயிரணுவை உடைத்து, சுழற்றி, பகுதி பகுதியாகப் பிரித்து, கடைசியில் மொத்தத்தோடு கூட்டிச் சரிபார்க்கிறார்கள்.